வெக்கையும் வெள்ளமும்: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளின் கோயில் மண்டபங்களில் நடக்கும் உடல்நலக் கூட்டங்களில் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பருவநிலை மாற்றம் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தால் சிலர்தான் வருகிறார்கள். மின்சாரம் போனால் அம்மாவின் இன்சுலினை எப்படிக் காப்பது என்று பேசப்போகிறோம் என்றால் மண்டபம் நிரம்பிவிடுகிறது. இரண்டும் ஒரே பேச்சுதான்.

என் பதில்கள் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். உங்கள் தெருவில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு எந்த மருந்து உயிர்நாடி, ஆபத்தில் யார் யாருடைய கதவைத் தட்டுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு பட்டியல் வேண்டும். விலை கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும்விட அது அதிக உயிர்களைக் காக்கும் என்று நம்புகிறேன்.

டர்பனுக்கு வெள்ளம் புதிதா? எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றத்தைக் காரணம் சொல்வது சரியா?

புதிதல்ல. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் நம் முன்னோர் எழுப்பிய கோயிலை 1905-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் குடியிருந்த இந்தியத் தோட்டக்காரர்களின் வீடுகளை அடித்துச் சென்றது. அன்று மாரிமுத்து படவட்டன் தலைமையில் ஆறு மீனவர்கள் தங்கள் படகை அந்தச் சுழலில் இறக்கி 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 1976-இல் அதே தாழ்நிலம் மறுபடி மூழ்கியது. அங்கே வீடிழந்தவர்கள்தான் ஃபீனிக்ஸில் முதலில் குடியேறியவர்கள். பிறகு 1987 செப்டம்பர், 2019 ஈஸ்டர், 2022 ஏப்ரல்.

மழையின் அளவும், அத்தகைய மழை திரும்பி வரும் இடைவெளியும் மாறியிருக்கின்றன. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனின் வடபகுதியான மவுண்ட் எட்ஜ்கோம்பில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று அந்த மழையை ஆராய்ந்தது. புவி சூடேறாமல் இருந்திருந்தால் சுமார் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை, இப்போது 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடியதாகிவிட்டது என்றும், பொழியும் அளவும் 4 முதல் 8 விழுக்காடு வரை கூடியிருக்கிறது என்றும் கண்டது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டும்.

ஆனால் மழை ஒன்றே கொல்வதில்லை. யாருக்கு எந்தச் சரிவில், எந்த ஆற்றோரத்தில் இடம் கிடைத்தது என்பதும் சேர்ந்துதான் கொல்கிறது. நிறவெறி ஆட்சி நம்மை, நாம் முன்பு வாழ்ந்த கேட்டோ மனோரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கிளப்பி எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது இன்றும் நம் கூரைகளிலும் வடிகால்களிலும் தெரிகிறது. வீடே கிடைக்காத ஆப்பிரிக்கக் குடும்பங்கள் இன்று ஆற்றங்கரையிலேயே வாழ்கின்றன.

வேலூர்ப் பக்கம் எங்கள் மூதாதையர் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே 40 டிகிரியைத் தாண்டுகிறது. டர்பனின் 33 டிகிரிக்குப் போய் அஞ்ச வேண்டுமா?

அஞ்ச வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆயத்தமாக இருக்க வேண்டும். நம் உடம்பு குளிர்வது வியர்வை வெளிவருவதால் அல்ல, அது ஆவியாவதால். டர்பனின் கோடைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதனால் வியர்வை வழிகிறது, காய்வதில்லை. உடம்புக்குள் சூடு தங்கிவிடுகிறது. தோலுக்கு அதிக இரத்தம் அனுப்பி அந்தச் சூட்டை வெளியேற்ற இதயம் கூடுதலாக உழைக்கிறது. நல்ல இதயம் தாங்கும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயமும் பழுதான சிறுநீரகமும் தாங்குவதில்லை. இப்படி இறப்பவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். அதனால்தான் வெக்கையால் நம் ஊரில் யாரும் சாவதில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

இன்னொன்று, வீடு. சாட்ஸ்வொர்த்தில் ஒரே சுவரைப் பகிரும் பழைய ஒட்டு வீடுகளில் பல இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு இருக்கின்றன. பகல் முழுவதும் வாங்கிய சூட்டை அந்த வீடுகள் இரவில் உள்ளே விடுகின்றன. இரவிலும் உடம்பு ஆறாவிட்டால், மறுநாள் வெயில் நேற்றைய களைப்பின் மேல் விழுகிறது. தொடர்ந்து மூன்று, நான்கு நாள் இப்படிப் போனால்தான் முதியவர்கள் விழுகிறார்கள். முதல் நாளில் ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியம் கொள்ளக் கூடாது.

கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசுவது நல்ல பலன் தரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் நீங்களே ஏறிச் சுரண்டவோ, துளை போடவோ, அழுத்த நீரால் கழுவவோ செய்யாதீர்கள். அந்த நார்த்தூசு நுரையீரலில் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரைத்தான் அழைக்க வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால், பகலில் மேற்குச் சன்னல்களைத் திரையால் மூடுங்கள், மாலைக்குமேல் திறந்து விடுங்கள், தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மின்விசிறிக்கு முன் உட்காருங்கள்.

வெப்பத் தாக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு என்றால் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழித்தால், மயங்கினால், வலிப்பு வந்தால், அது உயிர்போகும் நிலை. உடனே 10177 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். கைப்பேசியிலிருந்து 112-ஐயும் அழைக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். துணியைத் தளர்த்தித் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும். வெக்கைக் காலத்தில் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்று சொல்லத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவின் மக்கள் பிரிவுகளில் இந்திய வம்சாவளியினரிடம்தான் அது மிக அதிகம். ஆகவே இந்தக் கேள்விக்கு மற்ற எதையும்விட நீளமான பதில் சொல்கிறேன்.

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பு வேகமாக வறளும். நெடுநாள் நோயாளிகளுக்கு வியர்வைச் சுரப்பிகளின் நரம்பும் பழுதாகியிருக்கலாம். ஆக, குளிர்விக்கும் வழியும் குறைகிறது, நீரும் குறைகிறது. இரத்த அழுத்தத்துக்காகத் தரும், நீர் பிரியவைக்கும் மாத்திரைகளும் வறட்சியைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது. கோடை தொடங்குமுன் மருத்துவரிடமோ கிளினிக் செவிலியரிடமோ, "வெக்கை நாள்களில் அளவை மாற்ற வேண்டுமா? எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அளவே வேறாக இருக்கும்.

இன்சுலினைப் பற்றி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலும் நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் தாங்கும். ஆனால் அறை 25, 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சரியான வரம்பு பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். மின்சாரம் போனால் குளிர்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஈர மண்பானைக்குள் வைக்கும் வழியைப் பலரும் சொல்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கின் உலர்ந்த காற்றில் அது நன்றாக வேலை செய்யும். டர்பனின் ஈரக்காற்றில் பானையும் நம்மைப் போலவே சரியாகக் குளிராது. இங்கே, துணியில் சுற்றிய இன்சுலினைப் பனிக்கட்டிப் பொதியோடு குளிர்காப்புப் பையில் வைப்பதே மேல். பனிக்கட்டி இன்சுலின் மேல் நேரடியாகப் படக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலினை வெளியே எறிந்துவிட வேண்டும்.

மருந்துச் சீட்டையும் கிளினிக் அட்டையையும் அடையாள அட்டையையும் படமெடுத்து, தொலைவில் உள்ள ஒரு பிள்ளையின் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். வெள்ளத்தில் அட்டை போனவர்கள், தாங்கள் என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாமல் வெறும் கையோடு மருத்துவமனையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "வெள்ளை மாத்திரை, சிறியது" என்பதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் மருந்து எழுத முடியாது.

தைப்பூசக் காவடி கடும் கோடையில் வருகிறது. கோயில் நிர்வாகம் என்ன ஏற்பாடு செய்யலாம்?

இந்த நாட்டில் தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் விழுகிறது. ஆண்டின் மிக வெக்கையான வாரங்கள். விரதமிருந்து மெலிந்த உடம்போடு, வெறுங்காலில், தார்ச்சாலையில் நடக்கிறார்கள். நேர்த்திக்கடனைத் தடுக்கச் சொல்லவில்லை. நானே அந்த ஊர்வலத்தில் பால்குடம் எடுத்தவள். ஏற்பாட்டைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஊர்வலம் விடியலில் புறப்பட்டுப் பத்து மணிக்குள் கோயில் சேரட்டும். தார்ச்சாலையில் நனைத்த சாக்கு விரிக்கலாம், தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குக் கொப்புளம் வெடிப்பதே தெரியாது. அந்தப் புண்ணில் தொடங்கி விரலை, காலை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பூமிதி இறங்க விரும்புகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: பாத உணர்ச்சியை முன்பே ஒரு செவிலியரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

காவடி எடுப்பவர்களின் பெயரைப் பதியும்போதே, இன்சுலின் உண்டா, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்டா என்று கேட்டு எழுதுங்கள். புறப்படும் முன் விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்க ஒரு மேசை போடுங்கள். ஒருவர் அருளில் ஆடுகிறாரா, சர்க்கரை இறங்கித் தடுமாறுகிறாரா, வெக்கையில் மூளை கலங்குகிறாரா என்பதை வெளியிலிருந்து பிரித்தறிவது எளிதல்ல. அவருக்கு என்ன நோய் என்று தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நடந்தால் மட்டுமே அது முடியும். பூசாரியும் இதை ஏற்றுக்கொண்டால் வேலை பாதி முடிந்தது. அவர் சொன்னால் கேட்கிற அளவுக்கு நான் சொன்னால் கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வருகிறது. குடிக்கலாமா?

மாநகராட்சி பாதுகாப்பானது என்று அறிவிக்கும்வரை கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். 2022 வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரிகளை நம்பி வாழ்ந்தார்கள். கழிவுநீர்க் குழாய்களும் கழிவுநீரை இறைக்கும் நிலையங்களும் உடைந்து, கடற்கரைகளையே மூட வேண்டிவந்தது.

கொதிக்கவைக்க வழியில்லை என்றால் வாசனை சேர்க்காத ஜிக் (வெளுப்பு திரவம்) போதும். 20 முதல் 25 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. நன்றாகக் கலக்கி, மூடி, குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் விடுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். வேதிப்பொருளோ எண்ணெயோ கலந்த தண்ணீரை இது சுத்தமாக்காது. தொழிற்சாலைப் பகுதி வெள்ளநீரைக் கொதிக்கவைத்தாலும் குடிக்கக் கூடாது.

இதைத் தேவையற்ற பயமென்று தள்ளாதீர்கள். 2000 ஆகஸ்டில் இந்த மாகாணத்தில் தொடங்கிய காலரா, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைத் தாக்கியது. தண்ணீருக்குக் காசு கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்குத் திரும்பியதும் அது பரவ ஒரு காரணம்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கிளினிக் சாலை வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டிருக்கிறது.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய 8 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இந்த அளவைத் தாண்டவே கூடாது. சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, எப்படியாவது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்யப்போகிறோம். எதில் எச்சரிக்கை?

காலணியும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளநீர் வழியே எலிக்காய்ச்சல் வரும். சில நாளிலிருந்து நான்கு வாரம்வரை கழித்துக்கூடக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் தோன்றலாம். அப்போது மருத்துவரிடம் "வெள்ளத்தில் நின்றேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும். ஆணி குத்தினால் டெட்டனஸ் ஊசி.

பாம்புகளும் மேடு தேடி வரும். மரக்குவியலையும் தகரத்தையும் கையால் புரட்டாமல் கம்பால் புரட்டுங்கள். விஷம் துப்பும் நாகம் கண்ணில் துப்பிவிட்டால், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, எதுவும் வேண்டாம்.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளை நனைத்துவிட்டு, மேலும் உடைக்காமல் ஒதுக்கி வையுங்கள். நனைந்த சுவரில் பூஞ்சை படர்ந்தால் ஆஸ்துமாக் குழந்தைகளை அந்த அறையில் படுக்கவைக்காதீர்கள். மெரிபேங்க் போன்ற இடங்களில் தொழிற்சாலைப் புகையால் ஏற்கெனவே நொந்த நுரையீரல்களுக்கு இது இன்னும் பெரிய அடி. ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அவற்றின் புகையில் வாசனையற்ற நச்சுவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே கொல்லும்.

மலேரியாவும் டெங்குவும் டர்பனுக்கு வந்துவிடுமா?

இன்று டர்பனில் மலேரியா பரவுவதில்லை. மாகாணத்தின் வடகோடியில், மொசாம்பிக் எல்லையோரம் பரவுகிறது. ஆனால் 1926, 27-இல் டர்பனில் டெங்கு கொள்ளைநோயாகவே பரவியது. அதைப் பரப்பும் கொசு இனம் இன்னும் இங்கே இருக்கிறது. தொட்டியை மூடுங்கள், பூச்சட்டித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். இந்தியாவிலிருந்தோ மொரிஷியஸிலிருந்தோ திரும்பியபின் காய்ச்சல் வந்தால் பயணத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் என்ன?

தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கைகள், மழை எவ்வளவு என்பதைவிட அதனால் என்ன பாதிப்பு என்பதைக் குறிக்கின்றன. நிறத்தோடு ஓர் எண்ணும் வரும்; அது 10-ஐ நெருங்க நெருங்க, நிறம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு என்று மாற மாற, ஆபத்து கூடும். ஆரஞ்சு வந்தாலே ஆற்றோரத்திலும் சரிவிலும் இருப்பவர்கள் இடம் மாற ஆயத்தமாகட்டும். சிவப்புக்காகக் காத்திருந்தால் சாலையே இருக்காது. இருட்டுமுன் கிளம்புங்கள்.

நீங்கள் சொல்லும் பட்டியலை எப்படித் தயாரிப்பது?

ஒரு தெருவுக்கு ஒருவர், அல்லது இருபது வீட்டுக்கு ஒருவர். பெரிய குழு வேண்டாம். பெரிய குழு கூட்டம் கூட்டுவதிலேயே ஓய்ந்துவிடும்.

வீட்டு எண், பெயர், வயது எழுதுங்கள். தனியாக இருக்கிறாரா, நடக்க முடியுமா, காது கேட்குமா? காது கேளாதவருக்கு வாட்ஸ்அப் குரல்செய்தி பயன்படாது, யாராவது நேரில் போக வேண்டும். குளிரில் வைக்கும் மருந்து உண்டா? மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவி உண்டா? டயாலிசிஸ் எந்தக் கிழமைகளில்? கர்ப்பிணி உண்டா? கடும் வெக்கை குறைப்பிரசவ ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால் அவர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். கைக்குழந்தை? மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்? அந்த மருந்துகளில் சில வியர்ப்பதையே குறைத்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் கதவைத் தட்டப்போகிற இருவரின் பெயர். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். இந்தப் பத்தி காலியாக இருந்தால் பட்டியல் வெறும் காகிதம்.

நம் ஊர் வீடுகளில் சன்னலெல்லாம் இரும்புக் கம்பி, வாசலில் பூட்டிய கேட். திருடனுக்காகப் போட்ட கம்பி, வெள்ளத்திலும் தீயிலும் நம்மையே உள்ளே அடைத்துவிடுகிறது. மாற்றுச் சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள்.

தகவலை அந்தந்த வீட்டார் சம்மதத்தோடுதான் வாங்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை. யாருக்கு என்ன நோய் என்பதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காகிதத்தில் இரு பிரதிகள், இருவரிடம். ஆண்டுக்கு இருமுறை புதுப்பியுங்கள்: தீபாவளிக்கு முன் ஒருமுறை, ஈஸ்டருக்கு முன் ஒருமுறை. பெரிய வெள்ளங்கள் இரண்டு முறை ஏப்ரலில் வந்தன என்பதை மறக்க வேண்டாம்.

கோயிலுக்கு இதில் பெரிய இடம் உண்டு. ஆடிக் கூழுக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தெரிந்த அடுப்பும் அண்டாவும் கையும் நம்மிடம் இருக்கின்றன. மண்டபத்தில் தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, மருந்து வைக்கக் குளிர்பெட்டி, சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை இருந்தால், வெக்கையிலும் வெள்ளத்திலும் அதுவே புகலிடம். கோயில் ஆற்றோரத்தில் இருந்தால் மட்டும் வேறு இடம் பாருங்கள்.

ஆற்றோரக் குடிசைகளில் இருப்பவர்களையும் நம் பட்டியலில் சேர்க்க வேண்டுமா?

ஆம். இதைப் பலர் தயங்கித்தான் கேட்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தின் காயம் ஃபீனிக்ஸில் இந்தியர், ஆப்பிரிக்கர் என இரு பக்கமும் இன்னும் ஆறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆம்.

2022-இல் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர்களில் அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். நம் வீடுகளில் வேலை செய்கிற பெண்களும் நம் தோட்டத்தைக் கவனிக்கிற ஆண்களும் அங்கேதான் வாழ்கிறார்கள். மனிதர் என்பதே போதுமான காரணம். நோய்க்கும் வேலி தெரியாது; அவர்களுக்குக் கழிப்பறை இல்லையென்றால் அதே ஆறு நம் வாசலையும் கடக்கிறது.

கற்றுக்கொள்ளவும் அங்கே இருக்கிறது. பால்மியட் ஆற்றோரம் உள்ள குவாரி ரோடு வெஸ்ட் குடியிருப்பில் மக்களும், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், மாநகராட்சியும் சேர்ந்து வாட்ஸ்அப் வழியே வெள்ள எச்சரிக்கை தரும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். ஆற்றின் மேற்பகுதியில் மழை பெய்யும்போதே கீழே இருப்பவர்களுக்குச் செய்தி போகிறது. நம் தெருக்களில் இத்தகைய ஏற்பாடு எத்தனை இடத்தில் இருக்கிறது? அவர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள். அவர்களின் குழுத் தலைவியைச் சந்தித்து, இரு பக்கத்துப் பட்டியலையும் எப்படி இணைப்பது என்று கேளுங்கள். செய்திகள் ஆங்கிலத்திலும் சுலுவிலும் இருக்கட்டும்.

மழைச் சத்தம் கேட்டாலே என் மகன் தூங்குவதில்லை. இதுவும் நோயா?

வீடு சரிந்ததைப் பார்த்த குழந்தைக்கு அது இயல்பு. பல மாதங்களாகியும் தொடர்ந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், படுக்கையை நனைக்கத் தொடங்கினால், கிளினிக்கில் சொல்லி மனநல ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்களில் இது குடியாகவும் கோபமாகவும் வெளிப்படும்; வீட்டுப் பெண்கள்தான் அதன் சுமையைத் தாங்குகிறார்கள். மழை வரும்போது என்ன செய்வோம் என்று குழந்தையோடு சேர்ந்து திட்டமிடுங்கள். டார்ச்சை எடுப்பது அவன் பொறுப்பு என்றால் அவன் பயம் கொஞ்சம் இறங்கும்.

எல்லாவற்றையும் நாமே செய்தால் அரசு எதற்கு?

நியாயமான கோபம். பட்டியல் போடுவது நம் வேலை. வடிகால் தூர்வாருவதும், கழிவுநீர் நிலையத்தைப் பழுதுபார்ப்பதும், ஆபத்தான சரிவில் இருப்பவர்களுக்கு நல்ல இடத்தில் வீடு தருவதும் நம் வேலை அல்ல. 2022-இல் வீடிழந்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தற்காலிக இடங்களில் காத்திருந்தார்கள். அதை எந்தக் கோயில் கூழும் ஈடுசெய்யாது.

2024 ஜூலையில் அதிபர் சிரில் ராமபோசா கையெழுத்திட்ட பருவநிலை மாற்றச் சட்டம், மாநகராட்சிகள் தங்கள் பகுதியின் ஆபத்துகளை மதிப்பிட்டுத் திட்டம் தீட்ட வேண்டும் என்கிறது. உங்கள் வார்டு கூட்டத்துக்குப் போய், நம் வார்டுக்கு என்ன மதிப்பீடு, எந்த மண்டபம் புகலிடம், கிளினிக்கில் மின்சாரம் போனால் தடுப்பூசிகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். ஆண்டுதோறும் மாநகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது எழுத்தில் கொடுங்கள். பட்டியல் கையில் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும். "எங்கள் தெருவில் ஆக்சிஜன் கருவியோடு இத்தனை பேர்" என்று பெயர் சொல்லாமல் எண்ணிக்கை சொன்னால் அதிகாரியால் தட்டிக்கழிக்க முடியாது.

நான் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். அம்மா சாட்ஸ்வொர்த்தில் தனியாக. தொலைவிலிருந்து என்ன செய்ய முடியும்?

அம்மாவின் பக்கத்து வீட்டார் இருவரின் எண் இன்றே உங்களிடம் இருக்க வேண்டும். உங்கள் எண் அவர்களிடமும். டர்பனுக்கு வானிலை எச்சரிக்கை வந்தால் அம்மாவை அழைக்கும் முன் அவர்களை அழையுங்கள்; அம்மா எப்போதும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மருந்துச் சீட்டைப் படமெடுங்கள், குளிர்காப்புப் பை ஒன்று வாங்கி வையுங்கள், கேட்டுக்கும் வாசலுக்கும் மாற்றுச் சாவி செய்து, அம்மாவின் கையாலேயே பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கச் செய்யுங்கள்.